மீர்ஷாமா, பழைய பிரையரா, சோளக்கட்டையா: டெல்டாவில் பைப் சேர்ப்பவர் எதை வாங்கலாம்?

திருவாரூரில் ஒரு நண்பர். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். தபால்தலை, பழைய நாணயம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு இப்போது புகைக்கும் பைப் பக்கம் வந்திருக்கிறார். கையில் இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். துருக்கியில் செதுக்கிய மீர்ஷாம் கல் பைப் ஒன்று வாங்கலாமா, ஐரோப்பாவில் யாரோ புகைத்துவிட்டுப் போன பழைய பிரையர் மர பைப் மூன்று வாங்கலாமா, அல்லது அமெரிக்கச் சோளக்கட்டை பைப்பில் அரை டஜன் வாங்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி. “எதுண்ணே ஒசத்தி?” என்றார்.

ஒசத்தியெல்லாம் அப்புறம். நம்ம ஊர் ஈரத்துக்கு எது தாங்கும், வாங்குவது வாயில் வைக்கவா அலமாரியில் வைக்கவா, இந்த இரண்டும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். பைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் குளிர்ந்த, காய்ந்த ஊர்க்காரர்கள் எழுதியது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இங்கே சுவர் வியர்க்கும், அப்பளம் நமுக்கும், தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும், பீரோவில் தொங்கும் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அந்த மூன்று மாதத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

முதலில் புகைக்கிற விஷயம். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று பைப்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நெஞ்சுக்குள் போகாத புகை வாயில்தானே சுற்றுகிறது? பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருகிறது என்று ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதிவிட்டார். உதடு, வாய், தொண்டை, நுரையீரல் நான்குக்கும் ஆபத்து உண்டு என்பது இன்றைக்குத் தெளிவாகத் தெரிந்த சங்கதி. ஏற்கெனவே புகையிலைப் பழக்கம் இல்லாதவர் சேகரிப்புக்காகப் புதிதாகப் பற்றவைக்கத் தொடங்குவதை நான் ஒப்பமாட்டேன். பற்றவைக்காத பைப்பும் சேகரிப்புதான். நண்பருக்கு எப்போதாவது ஒரு சுருட்டு உண்டு. அதனால் மாதத்துக்கு ஒருதரம் பற்றவைப்பார், மற்றபடி துடைத்துத் துடைத்து வைப்பார் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

மீர்ஷாம் என்பது மரம் இல்லை, கல். மக்னீசியம் சிலிகேட் வகை. வெள்ளை வெளேரென்று, நுண்துளை நிறைந்து, காய்ந்தால் தண்ணீரில் மிதக்கும் அளவு லேசாக இருக்கும். நல்ல கல் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டி எடுக்கப்படுகிறது. ஈரமாக இருக்கும்போது கத்திக்கு இளகிக் கொடுப்பதால் தலைப்பாகை கட்டிய சுல்தான், கழுகு நகம், திராட்சைக் கொத்து என்று எதையும் செதுக்கிவிடுவார்கள். செதுக்கிக் காய்ந்த பிறகு தேன்மெழுகில் தோய்த்து எடுப்பார்கள். புகைக்கப் புகைக்கக் கல் புகையின் தார்க்கறையை உறிஞ்சும், சூட்டில் மெழுகு நகரும். வெள்ளை முதலில் தந்த நிறமாகி, பிறகு தேன் நிறமாகி, பல வருஷத்தில் கருஞ்சிவப்புப் பழுப்புக்கு வரும். மீர்ஷாம் சேர்ப்பவர்கள் உயிரை விடுவது இந்த நிறத்துக்காகத்தான்.

சிக்கலும் அங்கேயேதான். புகைத்தால்தான் நிறம் வரும். மாதம் ஒருதரம் புகைப்பவர் கையில் அது கடைசிவரை வெள்ளையாகவே, இடையிடையே அழுக்குத் திட்டோடு இருக்கும். சூடாக இருக்கும்போது புகையிலை அடைக்கும் கிண்ணத்தை விரலால் தொட்டால் கைபட்ட இடத்தில் தடம் விழும். அதனால்தான் அந்தக் காலத்தில் மெல்லிய தோல் உறை மாட்டிப் பிடித்தார்கள். நம்ம ஊரில் சித்திரை மாதக் கை எப்படி வியர்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் தரையில் ஒருதரம் விழுந்தால் கதை முடிந்தது. பூ வேலை, முக வேலை உள்ள பைப்பில் செதுக்கலின் இடுக்கில் தூசியும் ஈரமும் சேர்ந்து அடைந்துகொள்வது இன்னொரு தொல்லை. பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷைக் காயவைத்து மெல்லத் தட்டி எடுக்க வேண்டியிருக்கும், தண்ணீர் காட்டக் கூடாது. மீர்ஷாமுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய நல்லது ஒன்று உண்டு: புது பைப்பைப் பழக்க வேண்டிய வேலை இல்லை, முதல் நாளே சுத்தமான ருசி. ஆனால் உள்ளே கரி படியப் படியச் சுரண்டிவிட வேண்டும். படிந்த கரி சூட்டில் விரிந்தால் கிண்ணம் விரிசல் விடும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. முழுக்கல்லில் செதுக்கியது வேறு, கல்தூளை அழுத்திச் செய்தது வேறு. இரண்டாவது நிறம் பிடிப்பதில் பின்தங்கும், கனமும் கூடுதல். விற்பவர் வெறுமனே “மீர்ஷாம்” என்று போட்டுவிட்டு “முழுக்கல்” என்று சொல்லாமல் விட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

இனி பிரையர். மத்தியதரைக் கடலைச் சுற்றி வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு இது. வேருக்கும் தண்டுக்கும் நடுவே உருண்டையாகப் பருக்கும் கட்டி. பல பத்து வருஷம் வளர்ந்த முண்டைத்தான் வெட்டுவார்கள். துண்டு போட்டு, சாறு இறங்கும்வரை பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். சூட்டைத் தாங்கும், ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிப் பிறகு விடும், எளிதில் கருகாது. பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் உள்ள செயின்ட்-குளோடு ஊர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த மரத்தை வைத்துத்தான் உலகுக்குப் பைப் கடைந்து அனுப்பியது. டப்ளினின் பீட்டர்சன், மிலானின் சாவினெல்லி, லண்டனின் டன்ஹில் என்று பெயர் பெற்றதெல்லாம் பிரையர்தான்.

புதிது வாங்குவதா, பழையதா? பழையதுதான் என்பது என் கட்சி. காரணம் காசு மட்டும் இல்லை. புது டன்ஹில் பல நூறு டாலர், அதை விட்டுவிடலாம். நடுத்தர விலைப் புது பிரையரில் மரத்தின் குறையைப் பசை போட்டு அடைத்துச் சாயம் பூசியிருப்பது சகஜம், அது சில வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஐம்பது வருஷம் ஒருவர் வாயில் இருந்த பைப் விரிய வேண்டியிருந்தால் எப்போதோ விரிந்திருக்கும். அதோடு, பழைய பைப்பில் படிக்க விஷயம் இருக்கிறது. பீட்டர்சன் தண்டில் “ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்” என்று முத்திரை இருந்தால் அது 1922-க்கும் 1937-க்கும் இடைப்பட்ட காலம். வெள்ளிப் பூண் இருந்தால், வெள்ளியின் தரம் சோதிக்கும் டப்ளின் மதிப்பீட்டு அலுவலகம் குத்திய, வருஷத்தைக் குறிக்கும் எழுத்து அதில் இருக்கும். டன்ஹில்லில் “இங்கிலாந்து” என்ற முத்திரைக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு எண் இருக்கும், அதை வைத்து எந்த வருஷத்துப் பைப் என்று கணக்கிடலாம். நாணயம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சரியான தீனி. மீர்ஷாமில் பெரும்பாலும் செதுக்கியவர் பெயர் இருந்தாலே அதிகம்.

பழைய பிரையரின் பலவீனம் மரத்தில் இல்லை, வாய்க்குழலில் இருக்கிறது. அந்தக் காலத்து வாய்க்குழல் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் பளபளப்புக் கறுப்புப் போய்ப் பாசிப் பச்சையும் பழுப்புமாக வெளுக்கும், வாயில் வைத்தால் கந்தக நாற்றம் அடிக்கும். நம்ம பக்கம் இது சீக்கிரமே நடக்கும். ஆனால் இது தீர்க்கக்கூடிய வியாதி. நான் செய்வதைச் சொல்கிறேன். முத்திரை உள்ள இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தண்ணீர்த் தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 400-ஆம் நம்பரில் தொடங்கி 2000 வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். முதல் தாளில் பச்சை நிறத்தில் பால் மாதிரி இறங்கும், மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். 800-க்கு வரும்போது சாம்பல் நிறமாகும், 1500-க்கு மேல் கறுப்பு திரும்பும். கடைசியில் பழைய வேட்டித் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அடுத்த அடைமழைக்குப் பிறகு மறுபடி ஒரு கை பார்க்க வேண்டியிருக்கும். அது பிடிக்காதவர் அக்ரிலிக் வாய்க்குழல் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பச்சை ஆகாது, ஆனால் பல்லுக்குக் கடினமாக இருக்கும், 1960-க்கு முந்தைய நல்ல பைப்பில் அதைத் தேடினால் கிடைப்பது அரிது.

கிண்ணத்துக்குள் முந்தையவரின் புகையிலை வாசம் இருக்கும். கல்லுப்பை நிரப்பி அதில் ஆல்கஹால் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் உப்பு காபிக்கொட்டை நிறமாகிக் கறையை இழுத்துக்கொள்ளும். டாஸ்மாக் வோட்காவை ஊற்றலாமா என்று நண்பர் கேட்டார். அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர், மரம் ஊறும். செறிவான எத்தனால் கிடைத்தால் செய்யலாம், இல்லையென்றால் உப்புக்குப் பதில் பஞ்சை வைத்து இரண்டு நாள் கூடுதலாக உலரவிட வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. மாசி, பங்குனிதான் சரியான காலம்.

சோளக்கட்டையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் ஹென்றி டிப்பி என்ற டச்சுக் கடைசல்காரர் 1869-இல் தொடங்கியது. கட்டையின் மேல் பிளாஸ்டர் பூசிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1878-இல் காப்புரிமை வாங்கினார். அவர் நிறுவனம் இன்னும் அதே ஊரில் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் வாயில் பார்த்த பைப் இதுதான். சாதாரண ரகம் பத்துப் பதினைந்து டாலருக்குள் வந்துவிடும், புகை குளிர்ச்சியாக வரும், முதல் நாளே பழகும். புகைக்க மட்டும் என்றால் இதைவிட நல்ல தேர்வு இல்லை. சேகரிப்பு என்று பார்த்தால் அரை டஜன் சோளக்கட்டையும் ஒரு சோளக்கட்டையும் ஒன்றுதான். அடிப்பக்கம் கருகிக் கருகி ஒருநாள் ஓட்டை விழும், வாய்க்குழல் பிளாஸ்டிக். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், மூட்டு இறுகும். வீட்டில் கரையான் இருந்தால் அதற்கு இது விருந்து.

ஈட்டி மர வகையில் கடைந்து, பித்தளைப் பூண் போட்டு, முந்நூறு நானூறு ரூபாய்க்கு இணையத்தில் வருகிறதே, அது? மேஜையில் வைக்கலாம். ஈட்டி மர வகைகளைச் சூடாக்கி அந்தப் புகையை வாயில் வாங்குவது நல்லதில்லை, உள்ளே வார்னிஷ் வேறு பூசியிருப்பார்கள். நம்ம ஊர் கடைசல்காரரிடம் பலாவில் ஒன்று கடைந்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால், வீணைக்குப் பலா, பைப்புக்கு பிரையர் என்று சொல்லி அனுப்பவும்.

நண்பரின் பட்டியலில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்க்கிறேன்: வெள்ளைக் களிமண் பைப். இந்தக் கரையில் பைப்புக்கு ஒரு வரலாறு உண்டென்றால் அது இதற்குத்தான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இலிருந்து 1845 வரை இருந்தார்கள். நாகப்பட்டினம் 1658-இலிருந்து 1781 வரை டச்சு கம்பெனியிடம் இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சிப்பாயும் மாலுமியும் பிடித்தது களிமண் பைப்தான். ஹாலந்தின் கவுடா ஊர் அதற்குப் பேர் போனது. மலிவு, எளிதில் உடையும், உடைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அதனால்தான் அகழாய்வுக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 1954-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே.சி. ஹாரிங்டன் ஆங்கிலேயக் களிமண் பைப் தண்டுகளின் துளையை டிரில் ஊசிகளைச் செருகிச் செருகி அளந்து பார்த்தார். 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்குலத்தில் 64-க்கு 8 பங்காக இருந்த துளை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4 பங்காகக் குறுகிவிட்டிருந்தது. தண்டு நீள நீளத் துளை சிறுத்தது. குவியலாகக் கிடைக்கும் துண்டுகளை அளந்தால் அந்த இடத்தின் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். டச்சு பைப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றுக்குக் கிண்ணத்தின் வடிவமும் அடிக்குமிழில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையும்தான் சாட்சி.

இதைப் படித்துவிட்டு யாரும் கடற்கரையில் மண்வெட்டியோடு இறங்க வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாக இருக்கிறது. களிமண் பைப் வேண்டுமென்றால் இன்றைக்குப் புதிதாக அச்சில் வார்த்துச் சுடுபவர்களிடம் வாங்கி வைக்கலாம். ஈரம், பூஞ்சை, பூச்சி எதுவும் அதை அண்டாது. கறை படிந்தால் நெருப்பில் போட்டு எடுத்தால் மறுபடி வெள்ளை. புகைக்க மட்டும் லாயக்கில்லை, கிண்ணம் கையைச் சுடும்.

மாதம் ஒருதரமானாலும் அடைக்கப் புகையிலை வேண்டுமே. வேதாரண்யம் பக்கத்தில் இருக்கிறது, அங்கே விளைகிற புகையிலையையே நறுக்கி அடைத்தால் என்ன என்று தோன்றும். அது வெற்றிலையோடு மெல்லுவதற்கென்று பதம் செய்த காரமான இலை. பைப்பில் அடைத்தால் இரண்டு இழுப்பில் தலை கிறுகிறுக்கும், நாக்கு பொத்துப்போகும். உறையூர் சுருட்டை உதிர்த்துப் போடுபவர்களும் உண்டு. அதற்குச் சுருட்டையே பிடித்துவிட்டுப் போகலாம். பைப் கலவை என்பது வர்ஜீனியா, பர்லி, லட்டாக்கியா என்ற இலை வகைகளின் வேறு உலகம், இங்கே பெட்டிக்கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி அனுப்பினால், 2016-ஆம் ஆண்டின் பயணப் பொருள் விதிகளில் தீர்வை இல்லாமல் கொண்டுவர அனுமதித்தது 125 கிராம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவும். மாதம் ஒரு பைப்புக்கு அது தாராளம். வந்ததும் இறுக்கமாக மூடும் கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். திறந்து கிடந்தால் காய்ந்த இலையைத் தின்னும் புகையிலை வண்டு பொடிப்பொடியாகத் துளை போட்டுவிடும். மழைநாளில் ஜாடியிலிருந்து எடுத்ததை நேரே அடைத்தால் பைப்புக்குள் களக்களக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கும். ஒரு தட்டில் பரப்பி மேஜை விளக்கின் கீழே கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சரியாகும்.

வைக்கிற இடம் பற்றி ஒன்றே ஒன்று. கொலு பொம்மைப் பெட்டியில் போடுகிற பாச்சா உருண்டையை பைப் இருக்கும் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். பிரையரும் மீர்ஷாமும் அந்த நாற்றத்தைக் குடித்துவிட்டால் உப்பும் ஆல்கஹாலும்கூட முழுசாக மீட்டுத் தராது. கற்பூரமும் அப்படித்தான். மூடிய இரும்பு பீரோவைவிட, நேர் வெயில் படாத, காற்று போய்வரும் கண்ணாடி அலமாரி மேல். வீட்டு அம்மாக்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அவர்கள் நல்லெண்ணத்தோடு உருண்டை போட்டுவிடுவார்கள்.

ஆக, திருவாரூர்க்காரருக்கு என் கணக்கு இது. இருபதாயிரத்தில் பழைய பிரையர் மூன்று வேண்டாம், இரண்டு போதும். மூன்றுக்குப் போனால் மூன்றும் சுமாராகத்தான் அமையும். தபால் கூலியும் சுங்க வரியும் எப்படியும் ஒரு கடி கடிக்கும். இரண்டில் ஒன்று வெள்ளிப் பூண் போட்ட பீட்டர்சனாக இருந்தால் நாணயக்காரருக்கு முத்திரை படிக்க வேலை கிடைக்கும். பற்றவைக்க ஒரு சோளக்கட்டை தனியாக. பழைய பிரையரை அவர் புகைக்காமலே வைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஆனால் அது அவர் சமாசாரம். மீர்ஷாம் இப்போதைக்கு வேண்டாம். மாதம் ஒருதரம் புகைப்பவருக்கு அது வெறும் வெள்ளைப் பொம்மை. தினமும் பைப் பிடிக்கிற ஆளாக இருந்தால் இதே பணத்துக்கு நான் மீர்ஷாமைத்தான் முதலில் சொல்லியிருப்பேன், காரைத் தரையில் ஒரு ஜமுக்காளத்தையும் விரிக்கச் சொல்லி.

பழைய பிரையர் வாங்க இரண்டு வழி. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது ஒன்று மாட்டும்; அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம், ஆனால் பித்தளையும் மரத்தூணும் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு பைப் தெரியாது. அதனால் விலை ஒன்று அநியாயமாக இருக்கும், இல்லை அதிர்ஷ்டமாக இருக்கும். இன்னொன்று வெளிநாட்டு ஏலத் தளங்கள். அதில் பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் நாலு படம் கேட்டு வாங்குங்கள்: கிண்ணத்தின் உள்ளே வெளிச்சம் அடித்து எடுத்தது, வாய்க்குழலைக் கழற்றிவிட்டுத் தண்டின் முனையைக் காட்டுவது, பல் படும் இடத்தின் அடிப்பக்கம், முத்திரையின் கிட்டத்துப் படம். தண்டின் முனையில் மயிரிழை விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், ஐப்பசியில் அது வளரும். கிண்ணத்தின் விளிம்பு கருகியிருந்தால் பரவாயில்லை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். “கழற்ற வரவில்லை, இறுகிப்போயிருக்கிறது” என்று விற்பவர் சொன்னால் அந்தப் பைப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.